கூட்டம் போட நிதி கேட்கிறீர்களா? புரோபோசலில் என்ன இருக்க வேண்டும்

பள்ளிக்குக் கட்டடம் கேட்டால் கிடைக்கிறது, மருத்துவ முகாமுக்குக் கேட்டால் கிடைக்கிறது, நாலு பேரை உட்கார வைத்துப் பேச நிதி கேட்டால் மட்டும் கையை விரித்துவிடுகிறார்கள் என்று தொண்டு நிறுவனம் நடத்தும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்களை எல்லாம் சேர்த்து இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கும் பெண்களோடு வேலை செய்யும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. வனத்துறை, மீன்வளத்துறை, பாசி வியாபாரிகள், விஞ்ஞானிகள், பெண்கள் என்று எல்லோரையும் இரண்டு நாள் ஒரே இடத்தில் கூட்டிப் பேச வைக்க ஒரு புரோபோசல் எழுதி, இரண்டு பெரிய அறக்கட்டளைகளுக்கு அனுப்பினோம். இரண்டுமே மறுத்துவிட்டன. ஒரு இடத்தில் மட்டும் காரணம் சொன்னார்கள்: "விழா மாதிரித் தெரிகிறது." புரோபோசலை இணைத்திருக்கிறேன். எங்கே கோட்டை விட்டோம்?
– வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: முழுக்கப் படித்தேன் சகோதரி. உங்கள் வேலை நல்ல வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நிதி தருகிற இடத்தில் இதைப் படிப்பவர் அன்றைக்கு இது மாதிரி இன்னும் பத்துப் படிக்க வேண்டியிருக்கும். முதல் நான்கு பக்கத்தில் நீங்கள் அவருக்குச் சொல்வது 21 தீவுகள், பவளப்பாறை, கடல்பசு, 1986இல் கடல் தேசியப் பூங்கா அறிவிப்பு. இதெல்லாம் அவருக்குத் தெரியும், தெரியாவிட்டாலும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்வார். ஐந்தாம் பக்கத்தில்தான் நோக்கம் வருகிறது: "பல்தரப்புப் பங்குதாரர்களை ஒருங்கிணைத்து, விழிப்புணர்வை ஏற்படுத்தி, நிலையான வலைப்பின்னலை உருவாக்குதல்." இந்த வரியை அப்படியே எடுத்துத் தேயிலைத் தோட்டத்துக்கும் போடலாம், போக்குவரத்து நெரிசலுக்கும் போடலாம்.

உண்மையான விஷயம் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பத்தியாகக் கிடக்கிறது. உலர்ந்த பாசியைக் கொண்டுபோனால் ஈரம், மணல் என்று சொல்லி வியாபாரி எடையில் கழிக்கிறார், எவ்வளவு கழிப்பது என்பதற்கு ஒரு கணக்கும் கிடையாது. பூங்காவின் எல்லை கடலுக்குள் எங்கே தொடங்குகிறது என்பது தண்ணீரில் இறங்குகிற பெண்களுக்குத் தெரியவில்லை. இதுதானே கூட்டம்! இதை முதல் பக்கத்தின் முதல் வரிக்குக் கொண்டு வாருங்கள். "மரிக்கொழுந்துப் பாசிக்கு எடைக்கழிவு எவ்வளவு என்று வாங்குபவரும் விற்பவரும் ஒத்துக்கொள்ள வேண்டும், எல்லையைக் காட்டும் மிதவைகளை எங்கெங்கே போடலாம் என்று துறைக்கும் பெண்களுக்கும் பொதுவான ஒரு வரைபடம் வேண்டும். இந்த இரண்டுக்காகவும் கூடுகிறோம்." இவ்வளவு போதும். இதைப் படிப்பவருக்கு இரண்டு நாள் கழித்துக் கையில் என்ன இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் எதிர்பார்ப்புப் பட்டியலில் "தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்க அனுமதி பெறுதல்" என்று ஒரு வரி இருக்கிறது. தேசியப் பூங்கா என்றால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும். மாவட்டத்தில் இருந்து வருகிற அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த அனுமதியைக் கொடுக்கிற அதிகாரம் அவர் கையில் இல்லை. இல்லாத அதிகாரத்தைக் கேட்டால் அவர் "மேலிடத்துக்குத் தெரிவிக்கிறேன்" என்பார், பெண்கள் கோபப்படுவார்கள், மத்தியானச் சாப்பாட்டோடு கூட்டம் முடிந்துவிடும். அழைக்கிற ஒவ்வொருவரும் அந்த அறையில் இருந்தபடியே எதற்குச் சரி சொல்ல முடியும் என்று முன்பே யோசித்து, அதை மட்டும் கேளுங்கள். அப்படி யோசித்திருக்கிறீர்கள் என்பது புரோபோசலிலும் தெரிய வேண்டும்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 1996 பிப்ரவரியில் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் என்கிற அறக்கட்டளை பெர்முடா தீவில் ஒரு கூட்டம் போட்டது. மனித மரபணு வரிசையைப் படிக்கிற வேலை அப்போதுதான் வேகம் எடுத்துக்கொண்டிருந்தது. கேள்வி ஒன்றுதான்: படித்த வரிசையைக் கண்டுபிடித்தவர் கையிலேயே வைத்துக்கொள்வதா, உடனே எல்லோருக்கும் திறந்துவிடுவதா? வந்தவர்கள் அந்த வேலையைப் பெரிய அளவில் செய்துகொண்டிருந்த ஆய்வகங்களின் தலைவர்களும், அவர்களுக்குப் பணம் தருகிற அமைப்புகளின் ஆட்களும். அதாவது முடிவெடுத்தால் மறுநாளே தங்கள் இடத்தில் அமல்படுத்தக் கூடியவர்கள். மரபணு விஞ்ஞானி ஜான் சல்ஸ்டன் பலகையில் கையால் எழுதிய சில வரிகளில் இருந்து ஒப்பந்தம் பிறந்தது: ஆயிரம் டிஎன்ஏ எழுத்துக்கு மேல் நீளமான வரிசை கிடைத்தால் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் போட்டுவிட வேண்டும். பெர்முடா கோட்பாடுகள் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அது உலக விவகாரம், உங்களுடையது ஒரு கடற்கரை விவகாரம், ஆனால் கட்டமைப்பு ஒன்றுதான்: ஒரு கேள்வி, அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் உள்ளவர்கள், பலகையில் எழுதக்கூடிய ஒரு முடிவு.

அடுத்தது ஆட்கள். "பல தரப்பிலிருந்தும் 120 பேர்" என்று போட்டிருக்கிறீர்கள். யார் அந்த 120? நிதி தருபவர் முதலில் தேடுவது இந்தப் பட்டியலைத்தான், அது உங்களிடம் இல்லை. பதவியும் ஊரும் போட்டு எழுதுங்கள், ஒவ்வொருவருக்கும் எதிரே ஏன் அவர் வர வேண்டும் என்று ஒரு வரி, பேசிவிட்டீர்களா, ஒத்துக்கொண்டாரா, இன்னும் சந்தேகமா என்று ஒரு வரி. சந்தேகத்தைச் சந்தேகம் என்றே எழுதுங்கள், பட்டியலில் எல்லோரும் "உறுதி" என்று இருந்தால்தான் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள், நம் ஊரில் அது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூன்று பெரிய வியாபாரிகளும் வராத எடைக்கழிவுப் பேச்சுக்கு அர்த்தமே இல்லை, அவர்களிடம் ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கி இணைத்தால் உங்கள் புரோபோசல் பாதி தூரம் தாண்டிவிட்டது.

மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் இருக்கின்றன. அங்கிருந்து ஒருவரை "சிறப்புரை" ஆற்றக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதை விட்டுவிட்டு, கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே அவரை ஒரு வேலைக்குக் கூப்பிடுங்கள். ஒரு சாக்கு மரிக்கொழுந்து, ஒரு சாக்கு கஞ்சிப்பாசி, ஒரு சாக்கு கட்டக்கோரை எடுத்து, வழக்கமாக விற்கக் கொண்டுபோகிற பக்குவத்தில் எடை போட்டு, மறுபடி நன்றாக உலர்த்தி, மணலை உதறிச் சலித்து, மறுபடி எடை போட்டு, வித்தியாசத்தை எழுதி வையுங்கள். பெண்களும் வியாபாரியின் ஆளும் கூடவே நிற்க வேண்டும். அந்தத் தாள் மேஜையில் இருந்தால் இரண்டு நாள் பேச்சு வேறு மாதிரி போகும். அது இல்லாவிட்டால் "அவன் ஏமாத்துறான்", "இவங்க மணலோட கொண்டு வர்றாங்க" என்பதைத் தாண்டாது. இந்த முன்வேலைக்கும் புரோபோசலிலேயே பணம் கேளுங்கள், கொடுப்பார்கள்.

"விழா" என்று சொன்னார்களே, அது எங்கிருந்து வந்தது என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே தெரிகிறது. முதல் நாள் ஒன்பதரையில் இருந்து பன்னிரண்டு வரை குத்துவிளக்கு, வரவேற்புரை, நான்கு வாழ்த்துரை, பொன்னாடை. மத்தியானம் இரண்டு பேர் கட்டுரை. மறுநாள் காலை இரண்டு பேர் கட்டுரை. பாசி எடுக்கிற பெண்கள் பேசுவது இரண்டாம் நாள் மூன்று மணிக்கு, "அனுபவப் பகிர்வு", முப்பது நிமிடம். அதற்குள் அதிகாரிகள் காரில் ஏறியிருப்பார்கள். இதைத் தலைகீழாகப் போடுங்கள். பெண்கள் முதலில், வட்டமாக நாற்காலி, மேடை வேண்டாம்.

பட்ஜெட்டும் அதே கதையைச் சொல்கிறது. பை, நோட்டுப் புத்தகம், நினைவுப் பரிசு, பேனர் எல்லாம் இருக்கிறது; பெண்களுக்கு இரண்டு நாள் கூலி இழப்புக்கு ஒரு ரூபாய் கூட இல்லை. சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் பயணப்படி போட்டுவிட்டு, அன்றாடம் கடலில் இறங்கிச் சம்பாதிக்கிறவர்களைச் சும்மா வரச் சொல்வது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம், கவனமான எந்த நிதியாளருக்கும் உறுத்தும். தேதியும் அப்படித்தான். அந்தப் பெண்கள் மாதத்தில் எல்லா நாளும் பாசிக்குப் போவதில்லை, குறிப்பிட்ட நாட்கள் மட்டும் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்திருப்பவர்கள். உங்கள் தேதி அதே நாட்களில் விழுந்தால் யாரும் வரமாட்டார்கள், வந்தால் நஷ்டத்தோடு வருவார்கள். ஹால் எப்போது காலி என்று பார்ப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். கேட்டுத்தான் தேதி வைத்தோம் என்று புரோபோசலில் ஒரு வரி எழுதுங்கள், உங்கள் வலைப்பின்னல் பத்தி மொத்தத்தையும் விட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதியில் கருத்தரங்கு நடத்தலாமா? கோவையில் நிறைய கம்பெனிகள் இருக்கின்றன, ஆனால் கேட்டால் "நிகழ்ச்சிகளுக்குத் தர முடியாது" என்கிறார்கள். சாக்கா, நிஜமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலும் நிஜம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். எதற்கு என்பதற்குச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. 2014 ஜூனில் கம்பெனி விவகார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: மாரத்தான், விருது, விளம்பரம், டிவி நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் என்று ஒருமுறை நடந்து முடிகிற நிகழ்ச்சிகளுக்குப் போடும் பணம் சிஎஸ்ஆர் கணக்கில் வராது. தணிக்கையாளர் அதை எடுத்து வைத்துக் கேட்பார் என்று கம்பெனிக்காரர்களுக்குப் பயம், நியாயமான பயம்தான்.

ஆகவே கூட்டத்தைத் தனியாக விற்காதீர்கள். இரண்டு வருடக் குடிநீர்த் திட்டமோ மாதவிடாய் சுகாதாரத் திட்டமோ இருந்தால், அதன் நடுவில் ஊராட்சித் தலைவர்களும் பொறியாளர்களும் பயனாளிகளும் உட்கார்ந்து பராமரிப்புப் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளும் கூட்டத்தை ஒரு கட்டமாக வையுங்கள், பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி போடுங்கள். அப்போது அது திட்டத்தின் வேலை ஆகிவிடுகிறது. உங்கள் அமைப்புக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவும், சிஎஸ்ஆர் பணம் வாங்கும் அமைப்புகளுக்கு 2021 ஏப்ரலில் இருந்து கட்டாயமான சிஎஸ்ஆர்-1 பதிவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் புரோபோசல் எழுத உட்காருவது வீண் வேலை.

கேள்வி: வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று எங்கள் கலந்தாய்வுக்குப் பணம் தரத் தயார். எங்களுக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லை. நண்பரின் டிரஸ்டுக்கு இருக்கிறது. அவர்கள் வாங்கி எங்களுக்குக் கொடுத்தால்?
– வாசகர், மதுரை

பதில்: கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே முடியாது, அந்த அமைப்புக்குப் பதிவு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நண்பரின் பதிவுக்கும் ஆபத்து. வழி இருக்கிறது: நண்பரின் டிரஸ்டே கூட்டத்தை நடத்தட்டும், ஹாலுக்கும் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் அவர்களே நேரடியாகப் பணம் கட்டட்டும், நீங்கள் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் புரோபோசலும் அவர்கள் பெயரில்தான் போக வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதே திருத்தத்தில் வந்தது, பட்ஜெட் போடும்போது நினைவில் வையுங்கள். இல்லாவிட்டால், ஒரு குறிப்பிட்ட கொடையாளரிடம் குறிப்பிட்ட வேலைக்குக் குறிப்பிட்ட தொகை வாங்க உள்துறை அமைச்சகத்திடம் முன் அனுமதி கேட்கலாம், அதற்குக் காலம் எடுக்கும்.

வெளிநாட்டுப் பேச்சாளர்களைக் கூப்பிடுவதாக இருந்தால் அவர்கள் சுற்றுலா விசாவில் வரக் கூடாது, கருத்தரங்கு விசா வேண்டும், அதற்கு அரசின் அனுமதிக் கடிதங்களை நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும். இந்த வேலைக்கு எவ்வளவு காலம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று புரோபோசலின் கால அட்டவணையில் காட்டாதவர்களை அனுபவம் இல்லாதவர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: எத்தனை பேரைக் கூப்பிட்டால் பலமான புரோபோசல்? அதிகம் பேர் என்றால் "ஒரு ஆளுக்கு ஆகும் செலவு" குறையுமே?
– வாசகி, சென்னை

பதில்: ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது கண் சிகிச்சை முகாமுக்குச் சரி, கூட்டத்துக்குச் சரிவராது. 1957 ஜூலையில் கனடாவின் பக்வாஷ் என்கிற சின்ன கிராமத்தில் அணு ஆயுதங்களைப் பற்றிப் பேச வந்து கூடிய விஞ்ஞானிகள் 22 பேர்தான். சைரஸ் ஈட்டன் என்ற தொழிலதிபர் பணம் கொடுத்தார், அவர் பிறந்த ஊர் அது. (முதலில் நியூ டெல்லியில் நடத்துவதாகத்தான் இருந்தது, சூயஸ் நெருக்கடியால் கைவிட்டுப் போனது. நமக்கு வர வேண்டிய பெயர்!) அமெரிக்கரும் சோவியத் நாட்டவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவது அந்தக் காலத்தில் அரிது. அந்த 22 பேரும் மூன்று குழுவாகப் பிரிந்து கதிர்வீச்சு ஆபத்து, ஆயுதக் கட்டுப்பாடு, விஞ்ஞானியின் பொறுப்பு என்று தனித்தனியாக வேலை செய்தார்கள். அந்த இயக்கத்துக்கு 1995இல் அமைதிக்கான நோபல் கிடைத்தது. மறுபக்கம், 1975இல் கலிஃபோர்னியாவின் அசிலோமரில் மரபணுப் பொறியியலின் ஆபத்துகளைப் பேச வந்தவர்கள் சுமார் 140 பேர், அதுவும் பலன் தந்தது. ஏனென்றால் அங்கே பரிசோதனைக்கூடத்து விதிகளை எழுத வேண்டியிருந்தது, அதைக் கடைப்பிடிக்கப் போகிறவர்கள் பலர் உள்ளே இருக்க வேண்டியிருந்தது.

எண்ணிக்கையை நோக்கத்தில் இருந்து எடுங்கள். பேரம் பேசி முடிவெடுக்க வேண்டுமானால் முப்பதைத் தாண்டாதீர்கள். தாண்டினால் குழுவாகப் பிரியுங்கள்.

கேள்வி: கூட்டத்தால் அரசின் கொள்கையே மாறும் என்று எழுதினால்தான் நிதி கிடைக்கும் என்கிறார் எங்கள் ஆலோசகர். எழுதலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: எழுதாதீர்கள். இந்தத் துறையில் பெரிய வெற்றி என்று எல்லோரும் காட்டுவது ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இத்தாலியின் பெல்லாஜியோவில் வைத்திருக்கும் மாளிகையில் 1969 ஏப்ரலில் நடந்த கூட்டம். உதவி நிறுவனங்களின் தலைவர்கள் உட்கார்ந்து, வேளாண் ஆராய்ச்சி நிலையங்களுக்கு எப்படிச் சேர்ந்து பணம் தருவது என்று பேசினார்கள். அதில் இருந்து சிஜிஐஏஆர் என்ற சர்வதேச வேளாண் ஆராய்ச்சி அமைப்பு வந்தது. எப்போது? 1971 மே மாதம். நடுவில் இன்னும் பல கூட்டங்கள். உலக வங்கியும் ராக்ஃபெல்லர், ஃபோர்டு அறக்கட்டளைகளும் சேர்ந்தே இரண்டு வருடம் ஆகியிருக்கிறது, நம் ஆலோசகர் இரண்டு நாளில் கொள்கையை மாற்றுகிறார்.

கூட்டம் முடிந்து ஒரு வாரத்தில் யார் குறிப்பு எழுதி எல்லோருக்கும் அனுப்புவார், ஒரு மாதத்தில் எந்தத் தாள் யார் மேஜைக்குப் போகும், ஆறு மாதத்தில் யார் போன் செய்து "ஒத்துக்கொண்டது நடக்கிறதா" என்று கேட்பார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து என்று எழுதுங்கள். பெரும்பாலான பட்ஜெட்டில் கூட்டம் முடிந்த மறுநாளோடு பணமும் முடிந்துவிடுகிறது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காவது அதற்குப் பிறகான மாதங்களுக்கு வையுங்கள் என்பேன். இது என் கணக்கு, சட்டம் இல்லை. ஹாலைச் சின்னதாக எடுத்தால் அந்தப் பணம் தானே வந்துவிடும்.

கேள்வி: எத்தனை பக்கம் எழுதலாம்? ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அவர்கள் பக்கக் கணக்கு சொல்லியிருந்தால் அதற்கு மேல் ஒரு வரி கூட வேண்டாம். சொல்லாவிட்டால் நான்கு பக்கம், ஆட்கள் பட்டியலும் பட்ஜெட்டும் தனி. ஆங்கிலம் கேட்டால் ஆங்கிலத்தில் கொடுங்கள், ஆனால் முதலில் தமிழில் எழுதி, கூட்டத்துக்கு வரப்போகிற இரண்டு பேரிடம் படித்துக் காட்டுங்கள். "இதுக்கா எங்களைக் கூப்பிடுறீங்க?" என்று அவர்கள் கேட்டால் நோக்கப் பத்தியைத் திருத்திவிட்டு அப்புறம் மொழிபெயர்க்கக் கொடுங்கள்.